துப்பாக்கி ஆட்டத்துக்குள் ஒரு படப்பிடிப்பு

பரிசு ஒரு தங்கச் சிலை. ஆனால் அதை வீட்டு அலமாரியில் வைக்க முடியாது. ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ என்ற வீடியோ கேமுக்குள் மட்டும்தான் அது இருக்கும். வென்றவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு களம் இறங்கலாம். அதனால் அடிபட்டு விழும் எதிராளி அங்கேயே பொற்சிலையாக உறைந்துபோவார். இவர் குறும்படம் எடுத்துப் பரிசு வாங்கியவர் என்பது உடன் ஆடுகிற அத்தனை பேருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிடும்.

அந்தச் சிலையின் பெயர் சாக்ஸி. கேமின் கதையில் வரும் சாக்ஸ்டன் ஹேல் என்ற முரட்டு முதலாளியின் உருவம் அது. கேமை உருவாக்கிய அமெரிக்காவின் வால்வ் நிறுவனம், 2011 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சாக்ஸி விருதுப் போட்டியை நடத்தியது. கேமில் உள்ள வீரர்களே நடிகர்கள், போர்க்களங்களே அரங்கங்கள். கேமரா, லைட், கூலி எதற்கும் செலவில்லை. செலவாவது நேரம் மட்டும்தான், அது ஏராளமாகச் செலவாகும்.

இப்படி எடுக்கும் படங்களுக்கு ‘மெஷினிமா’ என்று பெயர். மெஷின், சினிமா இரண்டும் சேர்ந்த சொல். 1996-இல் வெளிவந்த ‘குவேக்’ என்ற சுடும் கேமில், ஆடிய ஆட்டத்தைப் பதிவுசெய்து திரும்பப் பார்க்கும் வசதி இருந்தது. தங்கள் திறமையைக் காட்டத்தான் பலரும் அதைப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டில் ஒரு குழு, ‘டைரி ஆஃப் எ கேம்ப்பர்’ என்ற குட்டிக் கதையை அதில் நடித்துப் பதிவுசெய்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாத படம். வசனங்கள் திரையில் எழுத்தாகத்தான் வரும். பதுங்கியிருந்து சுடும் ஒருவனை வீழ்த்திவிட்டு, அவன் தலையைப் பார்த்தால் அது கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ!

2003-இல் தொடங்கிய ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’ தொடர்தான் இந்தக் கலையைப் பரவலாகக் கொண்டுபோனது. ‘ஹேலோ’ கேமின் வீரர்கள் எல்லோரும் தலைக்கவசம் போட்டவர்கள், முகமே தெரியாது. யார் பேசுகிறார் என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பேசுகிற வீரன் தலையை ஆட்டுவான், மற்றவர்கள் அசையாமல் நிற்பார்கள். நம் பொம்மலாட்டத்திலும் இதே வழக்கம் உண்டு, பேசும் பொம்மைதான் அசையும். இன்னொரு சிக்கல், வீரர்கள் எப்போதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே நின்றார்கள். கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பார்வையை நேர் கீழே இறக்கினால், கேமின் ஒரு கோளாறால் தலை மட்டும் நிமிர்ந்து, ஆயுதம் தாழ்ந்து, சாதாரணமாக நிற்பதுபோலத் தெரியும். படம் எடுத்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த ‘ஹேலோ 2’-இல் ஆயுதத்தைத் தாழ்த்தும் வசதியை கேம் நிறுவனமே சேர்த்துக் கொடுத்தது.

சாக்ஸி போட்டியின் முதல் ஆண்டில் ஆட்டப் பதிவுகளை வெட்டி ஒட்டும் கருவிதான் கையில் இருந்தது. 2012-இல் நிலைமை மாறியது. தன் விளம்பரப் படங்களை எடுக்க வைத்திருந்த ‘சோர்ஸ் ஃபிலிம்மேக்கர்’ மென்பொருளை வால்வ் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. போட்டியின் தரம் உயர்ந்ததற்கு, பரிசைவிட இந்தக் கொடைதான் பெரிய காரணம்.

அதில் ஒருவரே ஒரு சண்டைக் காட்சியை எடுத்துவிடலாம். முதலில் ஒரு வீரனாக ஓடிச் சுட்டு அதைப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு அதே காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிராளியாக உள்ளே நுழைந்து, குண்டு வரும் நேரம் பார்த்து விழ வேண்டும். மூன்றாவது முறை வேறொரு ஆள். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் ஒருவர் ஒரு படையாகிவிடுவார். எல்லாம் முடிந்த பிறகும் கேமராவை நகர்த்தலாம், பகலை இரவாக்கலாம். முகத்துக்குத்தான் பொறுமை வேண்டும். புருவம், இமை, உதட்டோரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டை உண்டு. மவுஸால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால்தான் ஒரு முறைப்பு முறைப்பாகத் தெரியும்.

பைரோ என்ற பாத்திரத்தை எடுப்பவர்களுக்கு அந்த உதவியும் இல்லை. முகமூடி போட்டுத் தீயைக் கக்கும் ஆள், பேச்சும் முனகலாகத்தான் கேட்கும். கழுத்தின் சாய்வு, தோளின் தொய்வு, ஒரு கணத் தயக்கம் ஆகியவற்றில்தான் உணர்ச்சி வர வேண்டும். 2013-இல் ஒட்டுமொத்தச் சிறந்த படமாக வென்றது ‘லில் கார்டியன் பைரோ’. முகமே இல்லாதவரைத் தலைப்பிலேயே வைத்த படம் அது.

கேம் படம் என்றால் அடிதடியும் கேலியும்தான் என்று நினைப்பவர்கள் ‘தி ஃப்ரெஞ்ச் டெமாக்ரசி’யைப் பார்க்க வேண்டும். 2005 அக்டோபரில் பாரிஸ் புறநகரில், போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பிரான்ஸ் முழுக்கக் கலவரம் வெடித்தது. அலெக்ஸ் சான் என்ற இளைஞர், ‘தி மூவிஸ்’ என்ற கேமை வாங்கி, சில வாரங்களிலேயே அந்தக் கோபத்தின் பின்னணியைச் சொல்லும் 13 நிமிடப் படத்தை எடுத்து வெளியிட்டார். கேமில் பாரிஸ் இல்லை. நியூயார்க் சாயலில் இருந்த அரங்குகளையே பாரிசாக்கினார். செய்திகள் ஓயும் முன்பே படம் உலகம் சுற்றியது.

ஒரு கேள்வி மட்டும் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. பாத்திரமும் அரங்கமும் நிறுவனத்தின் சொத்து என்றால் படம் யாருடையது? 2007-இல் மைக்ரோசாஃப்டும் பிளிஸார்டும், லாப நோக்கமில்லாமல் தங்கள் கேம்களில் ரசிகர்கள் படம் எடுக்கலாம் என்று விதிகளோடு எழுதிக் கொடுத்தன. ரசிகர்களை வழக்கு பயத்திலிருந்து காப்பாற்றிய நல்ல காரியம் அது.

சாக்ஸி நின்றுவிட்டது, கருவி நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் அலெக்ஸி கெராசிமோவ் என்பவர் அதே சோர்ஸ் ஃபிலிம்மேக்கரில் சில நொடிப் படம் ஒன்றைச் செய்து யூடியூபில் போட்டார். கழிப்பறைக் கோப்பைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துப் பாடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெயர் சொல்லத் தேவையில்லை. ‘ஸ்கிபிடி டாய்லெட்’ தான். அந்தத் தலையும் 2004-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ கேமில் தெருவோரம் நிற்கும் ஒரு சாதாரணக் குடிமகனுடையது.