மின்னிணைப்பில்லாத இடத்தில் குளிர்பெட்டி

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை வந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒரு சாரார் ரயிலேறி ஊருக்குச் செல்கின்றனர். மற்றொரு சாரார், தாம் குடியேறிய மாநிலத்தையும் அதன் அண்டையிலுள்ள மலைகளையும் பாலைகளையும் காணப் புறப்படுகின்றனர். இவர்களுள் சிலர் உறங்கவும் சமைக்கவும் வசதி அமைந்த வேன்களில் செல்லத் தொடங்கியிருக்கின்றனர். காரவான் என வழங்கும் இவ்வண்டிகளுக்கெனக் கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ஒரு சுற்றுலாத் திட்டமே வகுத்தது.

இவ்வண்டியில் ஒரு சிறு குளிர்பெட்டி இருக்கும். மின்னிணைப்புத் தரும் விடுதியின் முற்றத்தில் நின்றால் அதைப் பற்றிக் கவலையில்லை. ஆற்றங்கரையிலோ கணவாயின் அடிவாரத்திலோ இரவு தங்கும்போது, அப்பெட்டியை எதைக் கொண்டு இயக்குவது என்ற கேள்வி எழுகிறது. பாலும் தயிரும் கெட்டால் ஒரு வேளை உணவோடு போயிற்று. பெட்டிக்குள் இன்சுலின் மருந்து இருந்தால் அவ்வாறு சொல்லிவிட இயலாது.

இதனை நாங்கள் பட்டு அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், வாடகை வேன் ஒன்றில் தில்லியிலிருந்து சிம்லா வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கை நோக்கிச் சென்றோம். நண்பரின் தாயாரும் உடன் வந்தார். அவருக்கு வேண்டிய இன்சுலின் குப்பிகள் நான்கு பெட்டியில் இருந்தன. சட்லெஜ் ஆற்றின் கரையில் இரவு வண்டியை நிறுத்தினோம். பெட்டியின் திருகு பாட்டரியைக் காட்டியபடியே இருந்ததை எவரும் கவனிக்கவில்லை. விடியற்காலையில் விளக்கைப் போட்டால் எரியவில்லை. குப்பிகளைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ச்சி போயிருந்தது. மலைக்காற்றின் குளிர் அன்று எங்களைக் காத்தது. தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டோம். மருந்து கெடவில்லை என்றும், அதைத் திறந்த குப்பியைப் போலக் கருதி நான்கு வாரத்திற்குள் பயன்படுத்துமாறும் கூறினார். அதே பிழை மே மாதத்து ஜெய்சல்மேரில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவும் அஞ்சினோம்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறிய, பெட்டி குளிரும் முறையை முதலில் அறிதல் வேண்டும். கோடைக்கு நம் வீடுகளில் வைக்கும் மண்பானையே இதற்கு ஆசான். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. குளிர்பெட்டியிலும் ஒரு திரவம் ஆவியாகியே வெப்பத்தைக் கவர்கிறது. ஆவியானதை மீண்டும் திரவமாக்கிச் சுற்றுக்குக் கொண்டுவருவதில்தான் இருவகைப் பெட்டிகளும் வேறுபடுகின்றன.

முதல் வகையில் மோட்டாரால் இயங்கும் கம்ப்ரசர் ஆவியை அழுத்துகிறது. நம் வீட்டுப் பெட்டி இவ்வகையினதே. வண்டிக்கென 12 வோல்ட் பாட்டரியில் நேராக இயங்கும் சிறு கம்ப்ரசர் பெட்டிகளும் கிடைக்கின்றன.

இரண்டாம் வகையில் மோட்டாரே இல்லை. 1922ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பால்ட்சார் பான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் இருவர் கண்ட முறை இது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகின்றன. அடியில் சிறிது வெப்பம் தந்தால் போதும். அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து, குளிர்ந்து, ஆவியாகி, மறுபடி நீரில் கரைகிறது. அவ்வெப்பத்தைக் காஸ் சுடரும் தரலாம், 230 வோல்ட் மின்சாரமும் தரலாம், 12 வோல்ட் பாட்டரியும் தரலாம். ஆதலின் இதனை மும்முனைப் பெட்டி என்று சொல்வர். எங்கள் வண்டியில் இருந்ததும் இதுவே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மும்முனைப் பெட்டி பாட்டரியில் ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கிறது. எட்டு மணி நேரத்தில் 96 ஆம்பியர்-மணி செலவாகும். எங்களிடம் இருந்ததோ 100 ஆம்பியர்-மணி பாட்டரி. விளக்கு எரியாததில் வியப்பென்ன? இப்பெட்டிக்கு 12 வோல்ட் இணைப்பு வண்டி ஓடும்போது மட்டுமே ஏற்றது. அப்போது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. வண்டி நின்றதும் திருகைக் காஸுக்கு மாற்றிவிட வேண்டும். வண்டி ஓடும்போதும், பெட்ரோல் நிலையத்திற்குள் நுழையும் முன்பும், காஸ் சுடர் அணைந்திருக்க வேண்டும்.

காஸில் இப்பெட்டி மிகச் சிக்கனமானது. நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் செலவாகிறது என்று கொண்டால், 5 கிலோ சிலிண்டர் இரண்டு வாரம் வரும். ஆயினும் இதற்கு நான்கு குறைகள் உண்டு. முதலாவது, உள்ளே திரவம் தன் எடையால் இறங்கி ஓடுவதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மூன்று பாகைக்கு மேல் சாய்வாக நெடுநேரம் நின்றால் சுற்று நின்றுபோகும்; பெட்டி பழுதாவதும் உண்டு. இரண்டாவது, கடும் வெயிலில் இதன் ஆற்றல் குன்றும். மூன்றாவது, மலையேற ஏறக் காற்று மெலிவதால் சுடர் சரியாக எரிவதில்லை. 1,000 மீட்டருக்கு மேலேயே சில பெட்டிகள் பற்றிக்கொள்ள மறுக்கும். நான்காவது, காஸில் கலந்துள்ள பூட்டேன் நீர் உறையும் குளிரை ஒட்டி ஆவியாக மறுக்கும். அப்போது சிலிண்டர் நிறைந்திருந்தும் அடுப்பும் பெட்டியும் சோரும். ஸ்பிதியில் கடைசி இரண்டையும் கண்டோம்.

கம்ப்ரசர் பெட்டிக்கு இக்குறைகள் இல்லை. வெயிலிலும் மேட்டிலும் ஓரளவு சாய்விலும் அது வேலை செய்யும். ஆனால் அதற்குப் பாட்டரி ஒன்றே துணை. 45 வாட் இழுக்கும் ஒரு சிறு பெட்டி, கோடையில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 540 வாட்-மணி, அதாவது 45 ஆம்பியர்-மணி வேண்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆதலின் 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி ஒரு நாளைக்கே காணும். அதே அளவுள்ள லித்தியம் பாட்டரியில் 80 வரை எடுக்கலாம். அது ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும்.

செலவானதை ஈடுசெய்யச் சூரியன் இருக்கிறான். கூரையில் 100 வாட் தகடு ஒன்றைப் பதித்தால், ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பான ஒளி கிடைக்கும் நாளில், இழப்புகள் போக 350 வாட்-மணி கைக்கு வரும். நம் தேவைக்கு அது போதாது. 200 வாட் தகடு 700 தரும். பெட்டிக்கும் விளக்குக்கும் போதும். மழைக்காலத்தில் கொங்கணக் கரைக்குச் செல்வோர் இதில் பாதியையும் நம்பலாகாது. அத்தகைய நாட்களில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டியே பாட்டரியை நிரப்ப வேண்டியிருக்கும்.

எவ்வகைப் பெட்டியாயினும் எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியோடு அதனை இணைத்தல் ஆகாது. வீட்டுப் பயனுக்கெனத் தனிப் பாட்டரி வேண்டும். எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்றும் வேண்டும். கம்பியின் பருமனையும் அசட்டை செய்யலாகாது. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, போக்கும் வரவுமாகப் பத்து மீட்டர் ஓடினால், 12 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். மும்முனைப் பெட்டியின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதனால் போய்விடும். பெட்டி குளிரவில்லை என்று குறை சொல்வோர் பலர் கம்பியைப் பார்ப்பதில்லை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. முந்திய நாளே பெட்டியை வீட்டு மின்சாரத்தில் இணைத்துக் குளிர்வித்து, உள்ளே வைப்பவற்றையும் குளிர்வித்தே வையுங்கள். வெதுவெதுப்பான பால் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்தால் அதைக் குளிர்விக்கவே பல மணி நேரம் பாட்டரி செலவாகும். பெட்டியை நிறைத்து வையுங்கள், அடிக்கடி திறவாதீர்கள். பெட்டியின் பின்புறக் காற்றுத் துளைகள் உள்ள பக்கம் பிற்பகல் வெயில் படாதவாறு வண்டியை நிறுத்துங்கள். காஸ் பயன்படுத்துவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கசியும் காஸ் காற்றினும் கனமானது, தரையில் தங்கும். ஆகவே தரைமட்டத்துக் காற்றுத் துளைகளைக் குளிருக்கு அஞ்சித் துணியால் அடைப்பது உயிருக்கே ஆபத்து.

மருந்து கொண்டு செல்வோருக்குத் தனியே ஒரு சொல். திறவாத இன்சுலினை 2 பாகை முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைத்தல் வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. ஆதலின் அது பனித்தட்டைத் தொடலாகாது. ஒரு சிறு வெப்பமானியைப் பெட்டிக்குள் வையுங்கள். எங்களிடம் அன்று அது இருந்திருந்தால் தொட்டுப் பார்த்து ஊகிக்க நேர்ந்திராது. பயன்பாட்டிலுள்ள குப்பி பொதுவாக நான்கு வாரம் வரை மிகையான வெப்பமில்லாத அறையில் கெடாது. எனினும் உங்கள் மருந்துக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி அடியோடு கைவிட்டால் மண்பானையை நாடலாம். ஒரு பானைக்குள் சிறு பானை, இடையே ஈர மணல், மேலே ஈரத் துணி. ராஜஸ்தானத்தின் வறண்ட காற்றில் இது நன்றாகக் குளிரும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் அத்துணை பயன் தராது. பெட்டிக்கு இது முழு மாற்றாகாது. அடுத்த ஊரை அடையும்வரை மருந்தைக் கொதிக்கும் வெயிலிலிருந்து காக்கும்.

அன்று முதல் எங்கள் பயணங்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. இரவில் வண்டி நின்றதும், முதலில் இறங்குபவர் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். இரண்டாமவர் பெட்டியின் திருகைப் பார்க்கிறார். நண்பரின் தாயார் வெப்பமானியை வாசித்துச் சொன்ன பிறகே உலை வைக்கிறோம்.