தொல்விலங்குப் பொம்மைகளும் சேகரிப்போர் விருப்பங்களும்

நுவரெலியாக் கடைத்தெருவிலோ ஹற்றன் நகரிலோ விளையாட்டுப் பொருள் விற்கும் கடையொன்றின் முன் சிறிது நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். கண்ணாடிப் பெட்டியினுள்ளே பச்சையும் பழுப்புமான பிளாஸ்டிக் விலங்குகள் வரிசையாக நிற்கும். தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்த சிறுவன் அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டி, டைரனோசோரஸ், ட்ரைசெரடொப்ஸ் எனத் தடையின்றிப் பெயர் சொல்வான். அவன் பிறந்த மலைநாட்டில் முன்னாளில் உலாவிப் பின் மறைந்துபோன விலங்கு எது என்று கேட்டால் வாளாவிருப்பான். அது அவன் குற்றமன்று. அவ்விலங்கின் உருவம் அந்தக் கண்ணாடிப் பெட்டியினுள் இல்லை.

இத்தகைய உருவங்களைச் சிறுவர் மட்டுமே விரும்புவர் என எண்ணுதல் தவறு. முத்திரைகளையும் பழைய நாணயங்களையும் சேர்ப்போர் போலத் தொல்விலங்கு உருவங்களைச் சேர்ப்போரும் உலகின் பல நாடுகளில் உளர். அவருள் ஆசிரியரும் மருத்துவரும் ஓவியரும் தொழிலாளரும் அடங்குவர். அவர்களிடையே ஒரு வழக்கமுண்டு. இனிவரும் ஆண்டுகளில் எந்தெந்த விலங்குகளின் உருவங்கள் வெளிவர வேண்டும் என அவர்கள் விருப்பப் பட்டியல் வகுப்பர். வேடிக்கையாகத் தோன்றும் இப்பட்டியல்கள், அறிவியல் எவ்வளவு தூரம் முன்னேறியுள்ளது என்பதையும், மனிதர் எவற்றை நினைவில் வைத்து எவற்றை மறந்துவிட்டனர் என்பதையும் புலப்படுத்துவன.

தொல்விலங்கு உருவங்களின் வரலாறு டைனோசர் என்னும் பெயரின் வரலாற்றோடு ஏறத்தாழ ஒத்த வயதுடையது. அப்பெயரை 1842 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ரிச்சர்ட் ஓவன் வழங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1854 இல், இலண்டனை அடுத்த பளிங்கு மாளிகைப் பூங்காவில் பெஞ்சமின் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி தொல்விலங்குகளை முழு அளவில் அமைத்தார். அவற்றின் சிறு படிகளும் விற்பனைக்கு வந்தன. ஹோக்கின்ஸ் இகுவானோடனின் மூக்கின்மேல் ஒரு கொம்பை வைத்தார். 1878 இல் பெல்ஜியத்தின் பேர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே, அக்கொம்பு உண்மையில் கைப்பெருவிரலின் முள் என்பது தெளிவாயிற்று. பொம்மை என்பது அக்காலத்து அறிவு கொண்ட கருத்தின் வடிவமே. அறிவு வளரும்போது பொம்மையும் மாறியாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் நூதனசாலைகள் இப்பணியில் ஈடுபட்டன. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் துணையுடன் இன்விக்டா நிறுவனம் 1974 முதல் உருவங்களை வெளியிட்டது. அமெரிக்காவில் கார்னகி நூதனசாலையின் பெயரால் சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை ஒரு வரிசையை நடத்தியது. இன்று ஜேர்மனி, பிரான்சு, சீனம், ஸ்பெயின் முதலிய நாடுகளின் நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன.

சேகரிப்போரின் விருப்பங்களைத் தொகுத்து நோக்கின் அவை நான்கு வகைப்படும். முதலாவது, இதுவரை எவரும் செய்யாத விலங்கை வேண்டுவது. இரண்டாவது, முன்பு பிழையாகச் செய்யப்பட்டதைத் திருத்தி வேண்டுவது. வாலை நிலத்தில் இழுத்து நிமிர்ந்து நின்ற பழைய டைரனோசோரஸ் இன்று முதுகெலும்பை நிலத்துக்கு இணையாக நீட்டி, வாலை உயர்த்தி நிற்கிறது. 1996 இல் சீனத்தில் இறகுப் போர்வையின் சுவடுகளுடன் சைனோசோரோப்டெரிக்ஸ் அறியப்பட்ட பின், சிறிய ஊனுண்ணி டைனோசர்களை இறகோடு வேண்டுவோர் பெருகினர். மூன்றாவது, எல்லா உருவங்களும் ஒரே அளவுத்திட்டத்தில் அமைய வேண்டுமென்பது. நான்காவது, தத்தம் நாட்டு விலங்கை வேண்டுவது.

விரும்பியவை யாவும் ஏன் கிடைப்பதில்லை என்ற வினாவுக்கு விடை தொழிலின் இயல்பிலேயே உள்ளது. சிற்பி முதலில் மூலவுருவை ஆக்குவார். அதனைக் கொண்டு உலோக அச்சுச் செய்யப்படும். அச்சினுள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி உருவங்களை வார்த்து, பின்னர் வர்ணம் தீட்டுவர். இவற்றுள் பெருஞ்செலவு அச்சுக்கே உரியது. அச்செலவு மீள வேண்டுமாயின் மிகப் பல உருவங்கள் விற்க வேண்டும். ஆகவே யாவரும் அறிந்த டைரனோசோரஸ் மீண்டும் மீண்டும் வெளிவர, பெயரறியாத விலங்கு காத்து நிற்கிறது.

அளவுத்திட்டமும் ஒரு தடையே. கார்னகி வரிசை நாற்பதில் ஒன்று என்னும் அளவில் அமைந்தது. அவ்வளவில் 12 மீற்றர் நீளமுள்ள டைரனோசோரஸ் 30 சென்ரிமீற்றர் ஆகும். கைக்கு ஏற்றதாக இருக்கும். ஆயின் தோளுயரம் 1.8 மீற்றர் உள்ள காட்டெருது நாலரைச் சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். முலையூட்டிகளை விரும்புவோர் இருபதில் ஒன்று என்னும் அளவை நாடுவது இதனாலேயே.

இவற்றினும் பெரிய தடை சான்றின்மை. எகிப்தில் கிடைத்து 1915 இல் பெயரிடப்பட்ட ஸ்பைனோசோரஸின் மூல எலும்புகள் 1944 இல் மியூனிச் நகர்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தன. மொரோக்கோவில் கிடைத்த புதிய எலும்புகளின் துணையால் அதன் உருவம் 2014 இலும், துடுப்புப் போன்ற வால் அறியப்பட்ட 2020 இலும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் சேகரிப்போர் புதிய உருவத்தை வேண்டினர்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய இழப்பு நேர்ந்ததுண்டு. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர் 1980களின் இறுதியில் பிருகத்காயசோரஸ் எனப் பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட அவ்விலங்கு, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணி எனக் கொள்ளப்பட்டது. அதன் நிறை நூறு தொன்னைத் தாண்டியிருக்கலாம் என 2023 இல் மதிப்பிட்டோரும் உளர். ஆயினும் அவ்வெலும்புகள் நொறுங்கிப் போயின; எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. நருமதைப் பள்ளத்தாக்கில் கிடைத்து 2003 இல் பெயரிடப்பட்ட ராஜசோரஸின் மண்டையோட்டுப் பகுதி பேணப்பட்டமையால் அதன் முகத்தை ஓரளவு உறுதியாக வனையலாம். பிருகத்காயசோரஸை வனைபவரோ பெரும்பாலும் கற்பனையையே நம்ப வேண்டும்.

இனி இலங்கையின் மத்திய மலைநாட்டை நோக்குவோம். தேயிலைச் செடிகளின் கீழுள்ள பாறைகளில் டைனோசர் எலும்புகள் கிடைக்குமா? கிடையா. உயிர்ச்சுவடுகள் பெரும்பாலும் அடையற் பாறைகளிலேயே காணப்படுவன. மலைநாட்டின் பாறைகளோ பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. முதல் டைனோசர் தோன்றுவதற்கு ஏறத்தாழ முந்நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே அம்மாற்றம் நிகழ்ந்து முடிந்தது. புத்தளத்தை அடுத்த தப்போவையில் யுராசிக் காலத்துப் பாறைகள் உள்ளன. அங்கு தாவரங்களின் சுவடுகள் கிடைத்துள்ளன.

ஆயின் தொல்விலங்கு என்பது டைனோசர் மட்டுமன்று. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து காண்போர்க்குச் சிவனொளிபாத மலையின் மறுபுறச் சரிவில் இருப்பது இரத்தினபுரி நாடு. அங்கு மலையிலிருந்து ஆறுகள் கொணர்ந்த சரளைப் படையை இரத்தினக்கல் தேடுவோர் ஆழக் குழி தோண்டி எடுத்து அரிப்பர். சிங்களத்தில் 'இல்லம' என வழங்கும் அப்படையில் நீலக்கல்லோடு எலும்புகளும் பற்களும் வெளிவந்தன. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்து பெயரிட்டார். இலங்கையின் பிளைத்தோசீன் காலம் பற்றிய அவரது நூல் 1958 இல் வெளிவந்தது.

அவர் காட்டிய விலங்குகள் வியப்புக்குரியன. இன்று ஆபிரிக்காவில் மட்டும் வாழும் நீர்யானையின் உறவினம் ஒன்று இங்கு வாழ்ந்தது. அதன் கீழ்த்தாடையில் ஆறு வெட்டும்பற்கள் இருந்தன. ஆபிரிக்காவின் பெரிய நீர்யானைக்கு நான்கே. எனவே இலங்கை நீர்யானையின் உருவத்தை வேண்டும் சேகரிப்பாளர், வாய் திறந்து ஆறு பற்களும் தெரியும்படி அதனை வேண்டுவதே முறை. காண்டாமிருக இனங்கள் இரண்டுக்கும் தெரணியகல பெயரிட்டார். ஆனால் காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பன்று; நகத்தை ஒத்த பொருளாலானது. அது மண்ணில் எளிதில் நிலைப்பதில்லை. கொம்பின் நீளத்தை உயிரோடுள்ள உறவினங்களைப் பார்த்தே சிற்பி துணிய வேண்டும்.

குருவிற்றைப் பகுதியிற் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு 1939 இல் இலங்கைச் சிங்கத்தை அவர் விவரித்தார். சிங்கம் இங்கு வாழ்ந்தது என்பதைப் பற்கள் உணர்த்தும். பிடரிமயிர் அடர்ந்ததா அன்றா என்பதை உணர்த்தா. 2005 இல் புலியின் எச்சங்களும் இத்தீவில் அறியப்பட்டன. ஆக, ஒருகாலத்தில் இங்கு சிங்கம், புலி, சிறுத்தை என்னும் மூன்று பெரும்பூனைகளும் இருந்துள்ளன.

இவை எவ்வாறு இங்கு வந்தன? பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அப்போது நிலமாகவே கிடந்தது. இவ்வாறு கடல் தாழ்ந்த காலங்களில் விலங்குகள் நடந்தே வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளரின் முன்னோருக்கு இடையிலே கடலிருந்தது. விலங்குகளுக்கு அதுவும் இருக்கவில்லை.

மலைநாட்டார் வகுக்கும் விருப்பப் பட்டியலில் முதலிடத்துக்குரியது காட்டெருது. சங்க நூல்களில் ஆமா எனப்படுவதும், நீலகிரியில் இன்று காட்டெருமை என மக்கள் அழைப்பதும் இதன் இனமே. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில், அரசனின் விலங்குகளோடு இருந்த இத்தகைய ஒன்றைக் குறித்துள்ளார். காளையை ஒத்தது, முதுகில் கூரிய மேடு உடையது, நான்கு கால்களும் பாதியளவு வெண்மை என்பது அவர் தரும் செய்தி. அது இன்றைய காட்டெருதின் தோற்றத்தோடு பொருந்துகிறது. மறைந்த விலங்குகளுள் மிகப் பலவற்றின் நிறத்தைச் சிற்பி ஊகித்தே தீட்டுகிறார்; இதற்கோ கண்டவரின் சாட்சி உண்டு. சிங்களத்தில் இவ்விலங்கின் பெயர் கவரா என்பதாகும். மலைநாட்டின் சில இடப்பெயர்களில் அச்சொல் உறைந்துள்ளது எனக் கருதுவர்; சாமிமலைப் பகுதியின் கவரவில என்னும் தோட்டப் பெயர் அவ்வாறு எண்ணத் தூண்டுவது. நாள்தோறும் அப்பெயரை உச்சரித்துக் கொழுந்து கொய்வோருள் அதன் பின்னே ஒரு விலங்கு நிற்கக்கூடும் என அறிந்தவர் எத்துணைப் பேர்?

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின் மலைநாட்டிலிருந்து நீலகிரிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள், அங்கே தேயிலைக்கிடையே மேயும் காட்டெருதுகளை நேரிற் காண்கின்றன. இங்கே எஞ்சியுள்ள உறவினருக்கு அதன் பெயரெச்சமே மிகுதி.

நிறுவனங்கள் அச்சு வார்க்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தோட்டப் பாடசாலையிலும் களிமண் உண்டு. காட்டெருதின் தோளுயரத்தை இருபதால் வகுத்தால் ஒன்பது சென்ரிமீற்றர் வரும். அவ்வுயரத்தில் ஓர் உருவை வனைந்து, முதுகின் மேட்டை நிறுத்தி, கால்களின் கீழ்ப்பாதிக்கு வெண்மை தீட்டிவிட்டால், கணிதமும் வரலாறும் உயிரியலும் ஒரு பாடமாகிவிடும். அவ்வுருவின் அருகில் ஒரு தாளில், எது சான்றால் அறிந்தது, எது ஊகித்தது என இரு நிரல்களாக எழுதி வைப்பின் அப்பாடம் முழுமை பெறும்.

அதே அளவில் ஆறு சென்ரிமீற்றர் நீளமுள்ள சிறுத்தை ஒன்றையும் வனைந்து பக்கத்தில் வைத்தல் வேண்டும். முப்பெரும் பூனைகளுள் எஞ்சியது அதுவொன்றே. காசல்ரீ, பொகவந்தலாவைப் பகுதிகளில் தேயிலைக்கும் காட்டுக்கும் இடையே அது இன்றும் நடமாடுகிறது. பன்றிக்கெனக் கட்டிய சுருக்குக் கம்பிகளில் அது சிக்குவதும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அவ்வாறு அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தையொன்று, மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. கம்பி கட்டியவருக்கு அது நோக்கமன்று. மரக்கறித் தோட்டத்தைக் காப்பதோ ஒரு நேர உணவோ நோக்கமாக இருந்திருக்கலாம். விலங்கினங்கள் மறைவது பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களின் தொகுதியாலேயே.

மறைந்த விலங்கைப் பொம்மையாகவேனும் காண விரும்புவது நல்ல விருப்பமே. வருங்காலத்துச் சேகரிப்போர் தம் பட்டியலை எழுதும்போது, மலைநாட்டுச் சிறுத்தையையும் மறைந்தவற்றின் வரிசையில் எழுத நேராதிருக்க வேண்டும் என்பது அதனினும் நல்ல விருப்பமாகும். முன்னதை நிறைவேற்றச் சிற்பியின் கை வேண்டும். பின்னதை நிறைவேற்ற, கம்பியை அவிழ்க்கும் கைகள் தோட்டந்தோறும் வேண்டும்.