உவர்பட்ட நிலமும் மண் நொதிகளும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலை, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தாழ்வான வயல்களில் கடல்நீரைப் புகுத்தியது. அன்றைய நிலநடுக்கத்தில் தென் அந்தமான் கரையோரம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தமையால், சில வயல்களில் ஓதம் ஏறும்போதெல்லாம் உவர்நீர் புகலாயிற்று.

கடல் பின்வாங்கிய வயல்களில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை உப்பைக் கழுவவல்லது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட பருவத்தில், ஈரம் ஆவியாகுந்தோறும் அடியிலுள்ள உப்பு மேலேறும். உவர்மண்ணில் ஈரம் இருப்பினும், வேர்களும் நுண்ணுயிர்களும் அதனை எளிதில் உறிஞ்சமாட்டா. மானாவாரி நிலத்தில் வறட்சி விளைக்கும் கேட்டையே இங்கு உப்பு விளைக்கிறது.

உப்பு குறைந்தவுடன் நிலம் நலம்பெற்றதெனக் கொள்ளலாமா? செறிநிலை மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேற்படின், மண் உவருடையது என்பர். இவ்வளவை உப்பைக் காட்டுமேயன்றி, மண்ணில் உயிர்ச்செயல் மீண்டதா என்பதைக் காட்டாது. அதனை அறிய நொதிகள் உதவுகின்றன.

நொதிகள், அதாவது என்சைம்கள், உயிர்கள் உண்டாக்கும் புரதங்களாம். இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்துவன. யூரியேஸ் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. பாஸ்பட்டேஸ் அங்ககப் பொருள்களில் அடங்கிய பாஸ்பேட்டைப் பயிருக்கு விடுவிக்கிறது. டீஹைட்ரஜனேஸ் உயிருள்ள செல்லினுள் மட்டுமே தொழிற்படுவதால், நுண்ணுயிர்களின் சுவாசத்திற்கு அது சான்றாகும்.

டீஹைட்ரஜனேஸ் சோதனை எளிது. நிறமற்ற டெட்ரசோலியம் உப்பின் கரைசலை மண்ணுடன் கலந்து, 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பர். நொதியின் செயலால் சிவந்த பார்மசான் உண்டாகும். அதனை மெத்தனாலில் பிரித்து, நிறத்தின் செறிவை நிறமானியால் அளப்பர். சிவப்பு மிகுந்தால் உயிர்ச்செயலும் மிகுதி.

களப்பணியாளர் கவனிக்க வேண்டுவன சில உண்டு. வயலின் பல இடங்களிலிருந்து மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கலத்தல் வேண்டும். வெயிலில் உலர்த்தாது, குளிர்ச்சியாக வைத்து விரைவில் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் டீஹைட்ரஜனேஸ் செயல் மிகுந்து தோன்றக்கூடும். எனவே நெல் நின்ற வயலைக் காய்ந்த வயலோடு ஒப்பிடலாகாது. புதிதாக எருவிட்ட வயலும் அவ்வாறே மயக்கந் தரும்.

எல்லா மண்ணுக்கும் பொருந்தும் நல அளவு என ஒன்றில்லை. கடல்நீர் புகாத அண்டை வயலின் மண்ணை அதே பருவத்தில் எடுத்து ஒப்பிடுவதே முறை. உப்பு தணிந்தும் நொதிச்செயல் தாழ்ந்திருப்பின், வடிகாலையும் அங்ககப் பொருளின் அளவையும் ஆராய்ந்து, தொழு உரமோ தக்கைப்பூண்டுப் பசுந்தாளோ இடுமாறு உழவருக்குக் கூறலாம். ஓதம் இன்னும் புகும் வயலிலோ, கரையும் மதகும் அமைத்த பின்னரே எவ்வுரமும் பயன்படும்.