பின்னாலும் வேண்டும் இரண்டு கொக்கி

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் தெருக்களுக்குள் புகுந்தது. படகுகள் வந்தன, ராணுவம் வந்தது, தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. தண்ணீர் இறங்கிய பிறகு, சேற்றில் புதைந்து கிடந்த வண்டிகளைத் தெருக்காரர்களே கிடைத்த கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி மூழ்கின.

இந்த இரண்டு வெள்ளங்களுக்கு இடையில் நம் பகுதியில் ஒரு மாற்றம் நடந்தது. 2020-இல் புதிய மகிந்திரா தார் வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய மகிந்திரா சிட்டியில் இருக்கும் ஆய்வு மையத்தில்தான் அது உருவானது. 2023-இல் ஜிம்னி வந்தது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி நிற்காத தெரு குறைவு. வாங்கியவர்கள் ஆசையாகச் செலவு செய்கிறார்கள்: பெரிய டயர், கூரை விளக்கு, முன்பக்கத்தில் வின்ச் வைத்த கனமான பம்பர். பின்பக்கத்தை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வெள்ள நாளில் அதிகம் உழைக்கப்போவது அந்தப் பின்பக்கம்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

காரணம் எளிது. தண்ணீர் நிற்கும் தெருவில் வண்டி சிக்கினால், முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. மூடியில்லாத மழைநீர் வடிகால் இருக்கலாம், கேபிளுக்குத் தோண்டிய பள்ளம் இருக்கலாம். பின்னால் இருப்பது நீங்கள் ஏற்கெனவே ஓட்டி வந்த தரை. வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுபடுவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. அடுத்தவரை நீங்கள் காப்பாற்றப் போனாலும் கதை அதுவே. முன் கியரில் போட்டு இழுக்கும்போது கயிறு உங்கள் வண்டியின் பின்பக்கத்தில்தான் மாட்டியிருக்கும். 2018 கேரள வெள்ளத்தில் சாகச ஓட்டத்துக்கு ஜீப் வைத்திருந்தவர்கள் மீட்புக்குக் கிளம்பினார்கள். அப்படி ஒரு நாள் இங்கே வந்தால், இழுக்கும் வண்டியாக நிற்கப்போவது உங்கள் வண்டியாகவும் இருக்கலாம்.

நம் மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் ஏரிகளின் ஊர். ஆயக்கட்டு வயல்கள் மனைகளாகி, மனைகள் நகர்களாகிவிட்டன. தார் போட்ட தெருவை விட்டு ஓரடி விலகினால் பல இடங்களில் களிமண். நனைந்த களிமண் சக்கரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேட்டில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சக்கரம் வரை புதைந்தால் வண்டியின் எடை அளவு எதிர்ப்பு, மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு, ஓட்டுநர் அறை வரை புதைந்தால் மூன்று மடங்கு. சுமார் ஒன்றே முக்கால் டன் உள்ள தாருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது நிலையில் ஐந்து டன்னைத் தாண்டுகிறது.

இந்த இழுவையை எங்கே மாட்டுகிறோம்? பல வண்டிகளில் பின்னால் ஒரே ஒரு டோ ஹூக்தான் இருக்கும். பிரேக்டவுன் ஆன வண்டியைச் சமதளச் சாலையில் மெதுவாக இழுத்துப் போக அது போதும். டிரெய்லரில் ஏற்றும்போது வண்டி அசையாமல் கட்டுவதற்கென்றே சில வண்டிகளில் மெல்லிய வளையங்கள் உண்டு. அவசரத்தில் கயிறு அங்கேயும் போகிறது. இவற்றையெல்லாம்விட ஆபத்தானது டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழ். அதில் இழுவைக் கயிற்றைப் போட்டு, குமிழ் முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தச் சாவுகளுக்குப் பிறகு அது திரும்பத் திரும்ப எச்சரிக்கப்படும் விஷயமாகிவிட்டது.

ஒரு இரும்புத் துண்டு எப்படிப் பறக்கும்? இரண்டு டன் வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போய்க் கயிற்றைச் சுண்டுகிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் சுமார் 7,700 ஜூல். 7.62 மி.மீ. ராணுவத் துப்பாக்கித் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். நீண்டு சுருங்கும் நைலான் பட்டையும் கைனெடிக் ரோப்பும் இந்த ஆற்றலைச் சேமித்து, புதைந்த வண்டிக்கு மெல்லக் கைமாற்றுவதற்காகவே செய்யப்பட்டவை. வழியில் கொக்கி முறிந்தால் சேமித்தது மொத்தமும் அந்தக் கொக்கியோடு கிளம்பும். நம் ஊரில் வண்டி சிக்கினால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடும். உதவ வந்தவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், பிள்ளைகள், போனில் படம் பிடிப்பவர்கள் என எல்லோரும் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். கொக்கியை உறுதியாகப் பொருத்துவது அந்தக் கூட்டத்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்றே நினைக்கிறேன்.

இனி பொருத்தும் வேலை. முதல் விதி, கொக்கி சேஸியில்தான் உட்கார வேண்டும். பம்பரிலோ பாடித் தகட்டிலோ கூடாது. தார், கூர்க்கா, ஜிம்னி மூன்றுக்கும் ஏணி வடிவ சேஸி உண்டு என்பது வசதி. இடதும் வலதுமாக, சேஸி நீளக்கட்டைகளின் பின் முனையில் இரண்டு கொக்கிகள் வேண்டும். ‘வெல்டிங் வெச்சுக் குடுத்துடறேன் சார், யானை இழுத்தாலும் வராது’ என்று பட்டறையில் சொல்வார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்துக்கு அருகில் இரும்பின் குணம் மாறிவிடுகிறது. மேலே பார்க்க அழகாக இருக்கும் வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. முறையாகச் சோதித்து அளவு பொறித்த கொக்கியை வாங்கி, சேஸியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு முடுக்குவதே மேல்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். 8.8 தரத்தில் 12 மி.மீ. போல்ட் ஒன்று குறுக்கே வெட்டுப்படாமல் தாங்குவது தோராயமாக நான்கு டன். களிமண் கேட்பதோ ஐந்து டன்னுக்கு மேல், அதையும் சுண்டி இழுக்கிறோம். ஆகவே ஒரு கொக்கிக்கு ஒரு போல்ட் என்பது எந்தக் கணக்கிலும் தேறாது. போல்ட்டை டார்க் ரென்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு முடுக்குவதற்கும் காரணம் உண்டு. இறுக்கத்தில் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து, அந்த உராய்வே பெரும்பாலான சுமையைத் தாங்குகிறது. போல்ட் தளர்ந்தால் சுமை முழுக்க அதன் தண்டில் விழும்.

சேஸி உள்ளே வெற்றுப் பெட்டி. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போல்ட் போட்டு முடுக்கினால் பெட்டி நசுங்கும், நசுங்க நசுங்க இறுக்கம் போகும். அதனால் உள்ளே போல்ட்டைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய்த் துண்டு நிற்க வேண்டும். பெட்டியின் அகலத்துக்குச் சரியாக லேத் பட்டறையில் வெட்டித் தருவார்கள். நட்டுக்குப் பின்னால் சாதா வாஷருக்குப் பதிலாகத் தடித்த தகடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் என்றால் உப்புக்காற்று அரித்த துருவை முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டும். துருவுக்கு அடியில் தகடு மெலிந்திருந்தால் எந்தக் கொக்கியும் பயன்படாது.

இரண்டு கொக்கி எதற்கென்றால், ஒரே மூலையில் இழுத்தால் சேஸி முறுக்கேறும். இரண்டையும் ஒரு பட்டையால் இணைத்து, நடுவில் இழுவைக் கயிற்றை மாட்டினால் சுமை பிரியும். பட்டை குட்டையாக இருந்தால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு கால்களுக்கு இடையே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 58 சதவீதச் சுமை. 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றிலும் முழுச் சுமை. எனவே பட்டை நீளமாக இருக்கட்டும். பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளில் எத்தனை டன் என்று பொறித்திருக்க வேண்டும். 4.75 டன் வேலைச்சுமை கொண்டது இந்த அளவு வண்டிகளுக்குப் பொதுவாகப் போதும். முதல் முறை நன்றாக இழுத்து முடித்ததும் போல்ட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும். நட்டிலும் தகட்டிலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு விலகியதை வைத்தே தளர்ச்சி தெரியும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. முன்பக்கத் தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே சேஸியில் புதுத் துளை போடுமுன் டீலரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது, உத்தரவாதமும் அதில்தான் இருக்கிறது. கொக்கி பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பெருங்களத்தூர் நெரிசலில் உங்கள் பின்னால் நிற்கும் பைக்காரரின் முழங்கால் உயரத்தில்தான் அது இருக்கும். ஷேக்கிளைக் கழற்றி வண்டிக்குள் போட்டு வையுங்கள், இழுக்கும்போது மாட்டிக்கொள்ளலாம். கயிறு விறைப்பதற்கு முன்பே அதன் நடுவில் கனமான ஈரச் சாக்கைப் போடுங்கள். கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கூட்டத்தை விலக்கிவிட்டுத்தான் கியரைப் போட வேண்டும்.