மீடியாவிக்கி வேகம் பெற்ற விதம்

மீடியாவிக்கி என்பது விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள். 2001 ஜனவரியில் தொடங்கியபோது அந்தத் தளம், பெர்ல் மொழியில் எழுதப்பட்ட யூஸ்மாட்விக்கி என்ற சிறிய நிரலில் ஓடியது. கட்டுரைகள் தரவுத்தளத்தில் இல்லை. வெறும் கோப்புகளாகவே கிடந்தன. 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர், பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் சேர்ந்த புதிய நிரலைக் கொடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் கிராக்கர் அதை மாற்றி எழுதினார். அதன் வழிவந்ததே இன்றைய மீடியாவிக்கி. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. இருபது ஆண்டுகளைத் தாண்டிய இந்த நிரலைத் தூக்கி எறியாமலே, இயங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே வேகமாக்கியிருக்கிறார்கள்.

ஒரு பக்கம் ஏன் தாமதமாகிறது என்பதை அறிய, அது உருவாகும் முறையைப் பார்க்க வேண்டும். கட்டுரை விக்கி நடையில் எழுதிய மூல உரையாகத் தரவுத்தளத்தில் இருக்கிறது. சர்வர் அதை எடுத்து, உள்ளே இருக்கும் வார்ப்புருக்களை, அதாவது பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டுகளை, ஒவ்வொன்றாக விரித்து, உலாவிக்குப் புரியும் எச்டிஎம்எல்லாக மாற்றுகிறது. ஒவ்வொரு இணைப்பும் சுட்டும் பக்கம் உண்மையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் இணைப்பின் நிறம் நீலம், இல்லையென்றால் சிவப்பு. ஒரு கட்டுரையில் ஐநூறு இணைப்புகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்திடம் தனியாகக் கேட்டால் ஐநூறு முறை போய்வர வேண்டியிருக்கும். பழைய இணையச் செயலிகள் பலவற்றை மந்தமாக்குவது இந்தப் பழக்கம்தான். ஒரு கேள்விக்கு ஆகும் நேரம் சொற்பம் என்பதால் குறை கண்ணில் படுவதில்லை. மீடியாவிக்கி அந்தப் பெயர்களைத் திரட்டி மொத்தமாகக் கேட்டுவிடுகிறது.

அப்படியும் நீண்ட கட்டுரை ஒன்றை உருவாக்கச் சில விநாடிகள் ஆகலாம். எனவே ஒருமுறை செய்த வேலையை மறுபடி செய்யாமல் இருப்பதே பெரிய வழி. உருவாக்கிய எச்டிஎம்எல்லைக் கேஷ் எனும் இடைச்சேமிப்பில் வைத்து, அடுத்து வருபவருக்கு அதையே கொடுக்கிறார்கள். இது அடுக்கடுக்காக அமைந்தது. வெளி அடுக்கில் 2004 முதல் ஸ்க்விட் என்ற மென்பொருளும், பின்னர் வார்னிஷும் முழுப் பக்கங்களை வைத்திருந்தன. உள்ளே, விரித்து முடித்த கட்டுரை உரைக்குத் தனிச் சேமிப்பு. யாரேனும் கட்டுரையைத் திருத்தினால் பழைய படி நீக்கப்படும். பெரும்பாலான வாசகர்களின் கோரிக்கை பிஎச்பி நிரல் வரை போவதே இல்லை.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2009 ஜூன் 25 அன்று, மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியபோது வெளிப்பட்டது. அவரைப் பற்றிய கட்டுரையை உலகமே ஒரே நேரத்தில் திறந்தது. திருத்தங்களும் ஓயாமல் வந்தன. ஒவ்வொரு திருத்தமும் சேமித்த படியைச் செல்லாததாக்க, அந்த நொடியில் வந்த கோரிக்கைகள் எல்லாம் அதே நீண்ட கட்டுரையைத் தனித்தனியாக உருவாக்கத் தொடங்கின. சர்வர்கள் திணறின. இதற்குப் பிறகு வந்தது பூல்கவுண்டர் என்ற கருவி. ஒரு பக்கத்தை உருவாக்கும் பொறுப்பை அது மிகச் சில கோரிக்கைகளிடம் மட்டும் விட்டு, மற்றவற்றைக் காத்திருக்கச் சொல்கிறது. காத்திருப்பு நீண்டால் பழைய படியைக் கொடுத்துவிடுகிறது. ஒரு நிமிடம் பழைய பக்கத்தைப் பார்ப்பது, பக்கமே கிடைக்காமல் போவதைவிட எவ்வளவோ மேல்.

இடைச்சேமிப்பால் முழுப் பயன் பெறாத ஒரு கூட்டம் உண்டு: கணக்கில் நுழைந்து எழுதுபவர்கள். அவர்களின் பக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால் வெளி அடுக்கு உதவாது. திருத்தத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டுரை புதிதாக உருவாக வேண்டும். கலைக்களஞ்சியத்தை எழுதுபவர்களே அதிகம் காத்திருந்தார்கள் என்பது சரிசெய்தே ஆகவேண்டிய நிலை. மேற்கோள் வார்ப்புருக்கள் முக்கியக் காரணம். அவை விக்கி நடையிலேயே சிக்கலான நிபந்தனைகளோடு எழுதப்பட்டிருந்தன. பெரிய கட்டுரையில் நூற்றுக்கணக்கான முறை விரிந்தன. 2013-இல் லுவா மொழியில் வார்ப்புருக்களை எழுத வழி வந்ததும் அந்தச் சுமை வெகுவாகக் குறைந்தது.

அடுத்த ஆண்டு பிஎச்பியை இயக்கும் பொறியையே மாற்றினார்கள். பேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம், நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றவல்லது. மீடியாவிக்கியின் பெரும்பகுதி அப்படியே இருக்க, திருத்தத்தைச் சேமிக்கும் சராசரி நேரம் சுமார் 6 விநாடியிலிருந்து 3 விநாடிக்கு இறங்கியது. கணக்கில் நுழைந்தவர்களுக்குப் பக்கம் உருவாகும் நேரம் 1.3 விநாடியிலிருந்து 0.9 ஆனது. சர்வர்களின் செயலிச் சுமை 50 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் அளவுக்குக் குறைந்ததால், புதிய சர்வர்கள் வாங்கும் திட்டமும் சுருங்கியது. பின்னர் எச்எச்விஎம் பிஎச்பியோடு ஒத்துப்போவதைக் கைவிட, 2019-இல் விக்கிப்பீடியா பிஎச்பி 7-க்கு மாறியது.

உடனே முடிக்கத் தேவையில்லாத வேலைகள் தனி வரிசைக்குப் போகின்றன. லட்சக்கணக்கான பக்கங்களில் பயன்படும் வார்ப்புருவை ஒருவர் திருத்தினால், அந்தப் பக்கங்கள் பிறகு மெல்லப் புதுப்பிக்கப்படும். திருத்தியவர் அதற்காகக் காத்திருப்பதில்லை.

நிரலால் தீராத தாமதம் ஒன்று உண்டு, அது தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். விக்கிப்பீடியாவின் தரவு மையம் உள்ள அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் ஒருமுறை போய்வர 130 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். உண்மையான கேபிள்கள் சுற்றிச் செல்வதால் இன்னும் அதிகம். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தவே இப்படிப் பலமுறை போய்வர வேண்டும். 2018-இல் சிங்கப்பூரில் ஓர் இடைச்சேமிப்பு மையம் தொடங்கப்பட்ட பிறகு, தெற்காசிய வாசகர்களுக்கான பக்கங்கள் அங்கிருந்து வருகின்றன. திருத்தங்கள் மட்டும் இன்றும் அமெரிக்காவில் உள்ள முதன்மைத் தரவு மையத்தை அடைந்த பிறகே பதிவாகின்றன.