ஏட்டில் ஒரு ரூபாய், ஏலத்தில் பல இலட்சம்

வங்கிக் கிளைகளில் 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்' என்றொரு தடித்த பேரேடு இருப்பதை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அறிந்திருக்க மாட்டார்கள். மேசை, நாற்காலி, இரும்பு அலமாரி, சுவர்க்கடிகாரம் ஆகியவற்றின் வாங்கிய நாளும் விலையும் அதில் பதிவாகியிருக்கும். ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்பட்டு, எஞ்சிய மதிப்பு எதிரே எழுதப்படும். வருமான வரி விதிகளின்படி மரச்சாமான்களுக்குரிய தேய்மானம், எஞ்சிய மதிப்பில் ஆண்டுக்கு 10 விழுக்காடு. இக்கணக்கில் 100 ரூபாய்க்கு வாங்கிய நாற்காலியொன்று 40 ஆண்டுகள் கழிந்தபின் 1 ரூபாய் 48 காசு மதிப்புடையதாக ஏட்டில் நிற்கும். பிரம்பு அறுந்து, கால் ஆட்டம் கண்டுவிட்டால் அதுவும் இல்லை. 'உபயோகமற்றது' என்று குறிப்பெழுதி, பழைய சாமான்களோடு மொத்தமாக ஏலம் விடுவார்கள்.

இந்த நடைமுறையில் பிழையேதும் இல்லை. தணிக்கையாளர் எவரும் ஆட்சேபிக்க மாட்டார். ஆயினும் இதே நடைமுறையைப் பழுதின்றிக் கடைப்பிடித்த ஒரு நகரம், தன் வரலாற்றின் பெரும்பகுதியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. அந்நகரம் சண்டிகர்.

பிரிவினையின்போது லாகூரை இழந்த பஞ்சாபிற்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1951இல் அப்பணி, சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த லெ கார்புசியேயின் கைக்கு வந்தது. அவர் ஆண்டிற்குச் சில முறை வந்து போனார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே, 1951 தொடங்கி 1965 வரை சண்டிகரிலேயே தங்கிக் கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர். 1967இல் ஜெனீவாவில் அவர் மறைந்தபின், அவரது விருப்பப்படி அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. இவரை வெளிநாட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கட்டடங்கள் எழுந்தன, உள்ளே அமர்வதற்கு இருக்கைகள் வேண்டுமல்லவா? தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், கல்லூரிகள், நூலகங்கள், அரசு ஊழியர் குடியிருப்புகள் என ஆயிரக்கணக்கில் தேவை. இறக்குமதிக்குப் பணமில்லை. கிடைத்தவை தேக்கும் சீசம் மரமும் பிரம்பும், குறைந்த கூலிக்கு உழைக்கத் திறமையான தச்சர்களும். ஜான்னரேயும், அவருடன் பணியாற்றிய ஊர்மிளா யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இவற்றைக்கொண்டே வடிவங்களை வகுத்தார்கள். தலைகீழாக நிறுத்திய 'வி' எழுத்தைப்போல், கவராயத்தின் இரு கைகள் விரிந்ததுபோல் அமைந்த பக்கக் கால்கள் அந்த நாற்காலிகளின் அடையாளம். முதுகும் இருக்கையும் பிரம்புப் பின்னல். பஞ்சாபின் கோடையில் மெத்தை வைத்த நாற்காலியில் எட்டு மணி நேரம் அமர்ந்து கோப்புப் பார்த்தவர்களுக்குப் பிரம்பின் அருமை தெரியும்.

வரைபடம் ஒன்றேயெனினும் செய்த பட்டறைகள் பல. ஆகவே ஒரே வகை நாற்காலிகளிடையேகூட அளவு அரை அங்குலம், ஓர் அங்குலம் மாறுபடும். கைப்பிடியின் வளைவும் வேறுபடும். செய்த தச்சர்களின் பெயர்களை எந்தப் பதிவேடும் காத்து வைக்கவில்லை. இன்றைய ஏலப் பட்டியல்களில் பொருளின் தலைப்பில் வடிவமைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இழைத்தவரின் இடம் காலியாகவே இருக்கும்.

நாற்காலிகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தன. பிறகு இரும்புக் குழாய் நாற்காலிகளும் சக்கர நாற்காலிகளும் வந்தன. பழையவை வராந்தாக்களிலும் மொட்டை மாடிகளிலும் வெயிலிலும் மழையிலும் குவிந்தன. சில அடுப்பெரிக்கவும் போயின. எஞ்சியவற்றை அந்தந்தத் துறைகள் விதிப்படி கழிவுப் பொருளாக அறிவித்து, விளம்பரம் கொடுத்து ஏலம் விட்டன. 1990களின் இறுதியிலிருந்து அந்த ஏலங்களில் பிரெஞ்சு வணிகர்கள் சிலரும் கலந்துகொள்ளத் தொடங்கினர். 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூறி முடித்தபோது, விறகு விலைக்குச் சற்று மேலாகக் கிடைத்ததே என்று அலுவலர்கள் நிம்மதியடைந்திருப்பார்கள்.

வாங்கியவர்கள் அவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்று, மரத்தை இழைத்து, மெருகேற்றி, பிரம்பைப் புதிதாகப் பின்னி, காட்சிக்கு வைத்தனர், நூல்களும் வெளியிட்டனர். பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் ஏல மேடைகளில் ஓர் இணை நாற்காலிகள் இந்திய மதிப்பில் பல இலட்சம் ரூபாய்க்குப் போயின. அமெரிக்கக் கலைஞர் எமி சீகல் இந்தப் பயணத்தை 2013இல் ஒரு திரைப்படமாக்கினார். செல்வந்தர் வீட்டு உணவு அறையில் தொடங்கி, ஏலக்கூடம், மெருகுப் பட்டறை, கப்பல் எனப் பின்னோக்கி வந்து சண்டிகரில் முடியும் படம் அது. பின்னர் அந்தப் படத்தின் பிரதி ஒன்றையே அவர் லண்டனில் ஏலத்திற்கு விட்டார் என்பது கதையின் சுவையான கிளை.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி வேறொன்று. இந்த நாற்காலிகளின் முதுகிலோ காலிலோ எங்கள் பேரேடுகளில் காண்பதுபோன்ற குறியீடுகள் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும்: துறையின் பெயரெழுத்துகள், வரிசை எண். சாமான் திருடு போகாமலிருக்க யாரோ ஓர் எழுத்தர், தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துத் தீட்டிய எழுத்துகள் அவை. இன்று ஏலக்கூடங்கள் அவற்றைத்தான் பூர்வீகச் சான்றாகப் படம் பிடித்துப் பட்டியலில் அச்சிடுகின்றன. குறியீடு உள்ள நாற்காலிக்கும் இல்லாததற்கும் விலை வேறுபடுகிறது. அந்த எழுத்தர் அறிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழகாக எழுதியிருப்பாரோ என்னவோ!

செய்தி பரவியபின் எதிர்ப்பு எழுந்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம், சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கவும் வெளியே கொண்டு செல்லவும் தடை விதித்தது. அரசு அலுவலகங்களில் எஞ்சியிருந்தவை எண்ணப்பட்டு, 12,000க்கும் மேற்பட்ட பொருள்கள் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் ஏற்கெனவே சென்றவற்றை மீட்க முடியவில்லை. அவை திருடப்பட்டவை அல்ல. அரசே ஏலம் விட்டு இரசீது கொடுத்தவை. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டமும் உதவவில்லை. அச்சட்டத்தின்படி, பொதுவாக 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை இருந்தால்தான் ஒரு பொருள் தொல்பொருள் ஆகும்; கையெழுத்துச் சுவடி முதலியவற்றிற்கு 75 ஆண்டுகள். 1950களில் செய்த நாற்காலி இவ்வரம்புக்குள் வர இன்னும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் வெளிநாடு செல்ல நினைப்பவை சென்றுவிடும். நூறு என்ற எண்ணில் நிற்பதைவிட, பொருளின் முக்கியத்துவத்தைக் கணக்கிலெடுக்கும் வகையில் சட்டம் திருத்தப்படுவது நலம் என்பது என் எண்ணம்.

இனி நம் வாசகர்களுக்குப் பயன்படும் செய்திக்கு வருவோம். பழைய இருக்கைகளுக்குரிய ஏலம் இன்று நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. கொல்கத்தாவின் ரஸல் தெருவில் 1940 முதல் இயங்கிவரும் ரஸல் எக்ஸ்சேஞ்சின் ஞாயிற்றுக்கிழமை ஏலங்கள் புகழ்பெற்றவை. மும்பையின் பெரிய ஏல நிறுவனங்கள் இணையவழியாகவும் நடத்துகின்றன. தோட்டத் துரைமார்கள் கால் நீட்டிப் படுக்க வசதியாக நீண்ட கைப்பிடி கொண்ட சாய்வு நாற்காலிகளும், ஆங்கிலேயப் பாணியைப் பார்த்து நம் தச்சர்கள் ஈட்டி மரத்தில் இழைத்த உணவு மேசை நாற்காலிகளும் இத்தகைய ஏலங்களில் அடிக்கடி வருகின்றன.

வங்கியின் சொத்து ஏலங்களில் பழகியவர்களுக்கு அடிப்படைச் சொற்கள் புதியவை அல்ல. விற்பவர் இறங்க மறுக்கும் அடிமட்ட விலை இங்கும் உண்டு. ஆனால் வங்கி ஏலத்தில் அதை முன்கூட்டியே அறிவிப்போம், கலைப்பொருள் ஏலத்தில் அது பெரும்பாலும் இரகசியம். பட்டியலில் அச்சிட்டிருப்பது மதிப்பீடு மட்டுமே. புதியவர்கள் திகைப்பது அடுத்த இடத்தில். சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. அதன்மேல் வாங்குவோர் செலுத்த வேண்டிய கட்டணம் உண்டு. உதாரணமாக, 1,00,000 ரூபாய்க்கு எடுத்த நாற்காலிக்குக் கட்டணம் 20 விழுக்காடு எனக் கொண்டால் 20,000. அந்தக் கட்டணத்தின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 3,600. ஆக 1,23,600. பொருளுக்குரிய வரி, கட்டிக் கொண்டுவரும் கூலி, காப்பீடு எல்லாம் தனி. கையை உயர்த்துமுன் இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

போலிகள் மிகுதி. சண்டிகர் நாற்காலியின் சாயலில் புதிதாகச் செய்பவர்கள் நாடெங்கும் உள்ளனர். அதை வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் குற்றமில்லை. பழையதென்று விற்கும்போதுதான் வழக்கு. நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே மெருகேற்றியவர்கள் அடிப்பக்கத்தை அவ்வளவு கவனிப்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் தரையில் இழுபட்ட கால்களின் முனை ஒரே சீராகத் தேய்ந்திராது. கழுந்தும் துளையும் பொருந்தும் இடத்தில் அழுக்கேறிய கருமை இருக்கும். கை அடிக்கடி படும் இடங்களில் மரம் வழவழப்பாகியிருக்கும். பிரம்பு புதிதாக இருப்பதுபற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிரம்பு எப்போதும் மாற்றப்படுவதே. குறியீடு மட்டும் பளிச்சென்று இருந்து மரம் மங்கலாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். அரசு ஏலத்தில் எடுத்த பொருள் என்றால் அந்த ஏல இரசீதின் நகலைக் கேளுங்கள். 2011க்குப் பின் சண்டிகர் அலுவலகத்திலிருந்து வெளிவந்தது என்று தெரிந்தால் தொடவே வேண்டாம்.

தந்தம் பதித்த நாற்காலிகளும் அப்படியே. விசாகப்பட்டினத்துத் தச்சர்கள் 18ஆம் நூற்றாண்டில் கம்பெனி அதிகாரிகளுக்காகச் செய்த தந்த வேலைப்பாட்டு இருக்கைகள் பிரிட்டனின் அருங்காட்சியகங்களை அலங்கரிக்கின்றன. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் தந்த வணிகத்திற்கு இடமில்லை. நூறு ஆண்டைக் கடந்த பொருளை உள்நாட்டில் உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கலாம், விற்கலாம்; தனியார் வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது. அயல்நாட்டிலுள்ள மகனுக்குத் தாத்தாவின் நாற்காலியை அனுப்ப விரும்புவோர், அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்வது பாதுகாப்பு.

விற்பவர்களுக்கு ஒரு வரிக் குறிப்பு. சொந்தப் பயன்பாட்டில் உள்ள வீட்டுச் சாமான்களை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்திற்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகை, தொல்பொருள் சேகரிப்பு, ஓவியம், சிற்பம், கலைப்படைப்பு ஆகியவற்றுக்கு இந்த விலக்குக் கிடையாது. பல இலட்சத்திற்குப் போகும் நாற்காலி வீட்டுச் சாமானா, கலைப்படைப்பா? இங்கே கணக்காயரின் ஆலோசனை இன்றியமையாதது. இது முதலீடாகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: வட்டியில்லை, பங்காதாயமில்லை, அவசரத்திற்கு விற்க ஆளில்லை. நகைக்கடன் கொடுக்கிறோம்; நாற்காலிக்கடன் கொடுப்பதில்லை. அமர்வதற்காக வாங்குங்கள்.

சண்டிகர் செல்லும் வாய்ப்புள்ளவர்கள், ஜான்னரே வாழ்ந்த 5ஆம் செக்டார் வீட்டைப் பார்க்கலாம். அது இப்போது அருங்காட்சியகம். அவர் வடிவமைத்த இருக்கைகள் அங்கே உள்ளன, தொடக்கூடாது. தொட்டுப் பார்க்க விரும்பினால் பல்கலைக்கழக வளாகத்திற்குச் செல்லுங்கள். கால்கள் கவராயம்போல் விரிந்த பிரம்பு நாற்காலிகள், முதுகில் வரிசை எண்ணோடு, இன்னும் அங்கே பணியில் இருக்கின்றன.