மூலம் என்ற ஒரே பெயர் போதாது

வட இந்தியாவில் ரயிலேறிச் செல்லும் நம்மவர், பாதையோரச் சுவர்களில் ‘பவாசீர்’, ‘பகந்தர்’ என்று கொட்டை எழுத்தில் தீட்டிய விளம்பரங்களைக் கண்டிருப்பர். முன்னது மூலம், பின்னது பவுத்திரம். ஊர்ச்சுவர்கள் உரக்கச் சொல்லும் இவ்வுபாதைகளை நம் இல்லங்களில் வாய்திறந்து சொல்ல நாணுகிறோம். மலத்தோடு இரத்தம் கண்டால், “மூலச்சூடுதான்” என்று நாமே பெயரிட்டு, மோரும் வெந்தயமும் அருந்தி மாதக்கணக்கில் மறைத்துவிடுகிறோம். இந்த ஒற்றைப் பெயரில்தான் ஆபத்து இருக்கிறது.

உள்மூலத்தில் பெரும்பாலும் வலியின்றியே இரத்தம் சொட்டும். மலங்கழிக்கையில் கத்தியால் கீறினாற்போல் வலித்துச் சிவந்த இரத்தம் சிறிது தென்பட்டால், ஆசனவாய் வெடிப்பே பெரும்பாலும் காரணமாகும். இறுகிய மலம் அங்குள்ள மெல்லிய தோலைக் கிழிக்கிறது. வலி சில மணி நேரம்கூட நீடிக்கலாம். வலிக்கு அஞ்சி மலத்தை அடக்கினாலோ அது மேலும் இறுகி, புண்ணை மீண்டும் கிழிக்கும்.

வேறு காரணங்களும் உள. வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் நீலம் பாய்ந்த கட்டி திடீரெனத் தோன்றிக் கடுமையாய் வலிக்கும். விண்விண் என்று தெறிக்கும் வலியும் காய்ச்சலும் சீழ்க்கட்டியின் அறிகுறிகளாகலாம். அது ஆறாமல் புரையோடுவதே பல சமயம் பவுத்திரம் ஆகிறது. வயிறு முறுக்கிச் சளியும் இரத்தமுமாய்ப் போவது சீதபேதியாகவோ பெருங்குடல் அழற்சியாகவோ இருக்கலாம். புற்றுநோயோ தொடக்கத்தில் வலியே தராதிருக்கக்கூடும். மூலம் உள்ளவருக்கே அதுவும் உடனிருக்கலாம். ஆதலால் உடல் மெலிவு, இரத்தசோகை, மலங்கழிக்கும் வழக்கத்தில் மாறுதல் ஆகியவற்றை அலட்சியம் செய்யலாகாது.

புதிய வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். கீரை, பழம், முழுத்தானியம், போதிய தண்ணீர் ஆகியவை மலத்தை இளக்கும். இளஞ்சூடான நீரில் 10 முதல் 15 நிமிடம் அமர்ந்திருப்பது வலியைத் தணிக்கும். ஆறாவிடில், தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் களிம்பு டாக்டரிடம் உண்டு. ஆனால் காரணம் இன்னதென்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே இவற்றை நம்பியிருக்க வேண்டும். நில்லாத இரத்தப்போக்கு, மயக்கம், தார்போல் கருத்த மலம், காய்ச்சலோடு கூடிய வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

வெளியூரில் வாழும் நமக்கு மொழி ஒரு தடை. இந்தி அறியாத தாய்க்குப் பள்ளியில் படிக்கும் மகன் மொழிபெயர்க்கிறான். மகன் முன்னே தாய் வாய்திறப்பதில்லை. “வயிற்றுவலி” என்று மட்டும் சொல்லி, அதற்குரிய மருந்தோடு திரும்பிவிடுகிறாள். அண்டை வீட்டுச் சகோதரி ஒருத்தி உடன் செல்லலாகாதா? எத்தனை நாளாக, என்ன நிறம், எவ்வளவு இரத்தம், வலி எப்போது என்ற நான்கையும் ஒரு தாளில் அவ்வூர் மொழியில் எழுதிக் கொடுத்தனுப்பலாகாதா? பெண் டாக்டரைக் கேட்பதிலும் தவறில்லை. சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்; அதைத் தள்ளிப்போடுவதால் வரும் துன்பம் அத்தனை எளிதில் முடிவதில்லை.